நூறாவது மீன்

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் இருந்தவன். நெருப்பே பிடிக்காத கடைக்கு நஷ்ட ஈடு கேட்டவர்கள், உயிரோடு இருக்கும் மாமாவுக்கு மரணச் சான்றிதழ் கொண்டுவந்தவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. எதிரே உட்காருகிறவன் இரண்டாவது வாக்கியம் பேசுவதற்குள் பொய்யா நிஜமா என்று தெரிந்துவிடும். இப்போது நான் சொல்லப்போவதை வேறொருவன் என்னிடம் வந்து சொல்லியிருந்தால், ஃபைலை மூடிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பேன். என்ன செய்வது, இது எனக்கே நடந்தது. 1996 மே மாதம், கத்திரி வெயிலில், ராஜா அண்ணாமலைபுரத்தில், எங்கள் வீட்டு ஹாலில்.

என் பெயர் ஸ்ரீனிவாசராகவன். மனைவி ஹம்சா. குழந்தைகள் கிடையாது. ஹம்சா வீணை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் தை மாதம் அவளுக்கு உடம்புக்கு வந்தது. என்ன வியாதி என்று எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொன்னதில்லை. அடையாறு ஆஸ்பத்திரி என்றால் புரிந்துகொள்வார்கள், அவ்வளவுதான். மருந்து ஏற ஏற முடி கொட்டியது, விரல் மரத்தது, மாணவிகள் நின்றார்கள். வீணைக்கு உறை போட்டு மூலையில் வைத்தாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை ராத்திரிதான். வலி ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே. பகலெல்லாம் தளம் குடித்த சூட்டை ராத்திரி எங்கள் தலையில் கொட்டும். ஃபேன் சுற்றினால் அனல்தான் வரும். தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத்துண்டை விரித்துப் படுத்தாலும் அவளுக்குக் கண் மூடாது.

ஒருநாள் தி.நகரில் துணி வாங்கிக்கொண்டு வரும்போது, உஸ்மான் ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில் டிவி கேம் விற்கிற சின்னக் கடையின் முன்னால் அவள் நின்றுவிட்டாள். கடைக்காரர் பெயர் அசோகன். உள்ளே ஒரு டிவியில் ஒரு குளம். ராத்திரி. நிலா. நடுவில் ஒரு படகு, அதில் ஓலைத் தொப்பி போட்ட ஓர் ஆள் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். தவளை கத்தியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"இத பாத்தாலே உடம்பு குளுகுளுங்கறதுன்னா" என்றாள் ஹம்சா.

"இது மீன் புடிக்கிற கேம் அக்கா. ஜப்பான் கேசட்டு. சண்ட கிண்ட ஒண்ணும் கெடையாது. பசங்க எவனும் வாங்க மாட்டேன்றான், சும்மா கீது" என்றார் அசோகன்.

மீன் வாசனை வந்தால் தெருவையே மாற்றி நடக்கிற ஐயங்கார் வீட்டுப் பெண், மீன் பிடிக்கிற விளையாட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். நான் சிரித்தேன். "பெருமாளுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வார்?" என்றேன். "அவரே ஒரு அவதாரத்துல மீன்தானே?" என்றாள். பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது.

அந்த கேமில் ஒரு மீன் சிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகும். சிக்கியதும் இரண்டு பட்டன். ஒன்றை அழுத்தினால் மீன் கூடைக்குப் போகும். சிவப்பை அழுத்தினால் தண்ணீருக்கே திரும்பிவிடும். எதை அழுத்தினாலும் மேலே மூலையில் எண் ஒன்று கூடும். ஹம்சா சிவப்பைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. "போ... ஆத்துக்குப் போ" என்று ஒவ்வொன்றையும் அனுப்பிவைப்பாள். திரையில் இருந்த எழுத்தெல்லாம் ஜப்பான். எங்களுக்குப் புரிந்தது அந்த எண் மட்டும்தான்.

இன்னொன்றும் தெரியும். அது அசோகன் சொன்னது. நூறு மீன் பிடித்தால் அந்தக் குளத்தில் விடியும்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பெட்டியை அணைத்தால் எல்லாம் அழிந்துபோய், மறுபடி பூஜ்யம். அதனால் அவள் விளையாடி முடித்ததும் நிறுத்தி வைக்கும் பட்டனை அழுத்திவிட்டு, டிவியை மட்டும் அணைப்பாள். பெட்டி ராவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். சூடாகாமல் இருக்க அதற்கென்று ஒரு டேபிள் ஃபேன். மனுஷனுக்கு இல்லாத காற்று அந்தப் பெட்டிக்கு! இரண்டு தடவை கரண்ட் போய் எல்லாம் அழிந்தது. இரண்டு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஏகாதசி அன்றைக்கு மட்டும் விளையாட மாட்டாள். மருந்து சாப்பிடுவதால் பட்டினி இருக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "உபவாசம்தான் இருக்க முடியல. மீனையாவது ஒரு நாள் விட்டு வெக்கறேன்" என்றாள். நான் சிரிக்கவில்லை.

மே மாதம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிளம்பும்போது எண் 58. வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அத ஆஃப் பண்ணிடாதீங்கோ. நான் வந்து விடிய வெக்கணும்."

"பண்ண மாட்டேன்" என்றேன்.

பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்கள் தங்கக்கூடாது. துணைக்கு அவள் தங்கை சீதா இருந்தாள். நான் ஏழு மணிக்கெல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். இரண்டாம் நாளே ஹம்சாவுக்கு நினைவு தப்பிவிட்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை. டாக்டர் என்னைத் தனியே அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவர் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை.

அன்று ராத்திரி ஹாலில் படுத்திருந்தேன். எங்கேயோ 'டிக்... டிக்...' என்று சத்தம். பல்லியாக இருக்கும் என்று புரண்டு படுத்தேன்.

காலையில் அவள் குளத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. டிவியைப் போட்டேன். படகு அசையாமல் நின்றது. மேலே எண் 63.

எனக்குத்தான் மறந்திருக்கும் என்று நினைத்தேன். கவலையில் இருக்கிறவனுக்கு எண்ணா நினைவிருக்கும்? ஆனாலும் தொழில் புத்தி போகாதே. அன்றைக்கு ஒரு பேப்பரில் 63 என்று எழுதி டிவி மேல் வைத்தேன். கதவை உள்ளே தாழ் போட்டேன். சாவி என்னிடம் ஒன்றுதான்.

மறுநாள் காலை 69.

அதற்கு மறுநாள் 74.

பெட்டியில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தேன். இருக்கட்டும், அசோகனிடம் காட்டலாம். பயம் என்று சொல்ல முடியாது. எரிச்சல்தான். அவள் கஷ்டப்பட்டுச் சேர்த்ததை ஒரு கோளாறுப் பெட்டி தானாகக் கூட்டிக்கொண்டிருக்கிறதே என்ற எரிச்சல்.

நான்காம் நாள் காலையிலும் 74. கூடவே இல்லை. ராத்திரி அந்த 'டிக்' சத்தமும் கேட்கவில்லை. சரி, கோளாறு தீர்ந்தது என்று பல் தேய்க்கப் போனேன். வழியில் சுவரில் தினசரி காலண்டர். ஆஸ்பத்திரி அலைச்சலில் பல நாட்களாகத் தாள் கிழிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கிழித்தேன். நேற்றைய தாள் வந்தது.

ஏகாதசி.

பிரஷ் கையிலேயே இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

கோளாறான பெட்டிக்கு ஏகாதசி தெரியுமா? நினைவில்லாமல் படுத்திருப்பவளுக்கு அது தெரியுமா? தெரிந்தவள் ஒருத்திதான். அந்த வீட்டில் ஏகாதசிக்கு மீனை விட்டுவைக்கிறவள் ஒருத்திதான்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உட்கார்ந்து அழுதேன். அவள் இருக்கிறாள். டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவேண்டுமானாலும் சொல்லட்டும். அன்று ஆஸ்பத்திரியில் அவள் காதருகே குனிந்து, "எழுபத்தி நாலு ஆயிடுத்து ஹம்சா" என்றேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. சீதா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

80. 86. 91.

தொண்ணூற்றொன்று ஆன அன்றைக்கு, ஸ்கூட்டரில் திரு.வி.க. பாலத்தைத் தாண்டும்போதுதான் அந்த யோசனை வந்தது. நூறு ஆனால் விடிந்துவிடும். விடிந்தபின் அவள் என்ன செய்வாள்?

வண்டியைப் பாலத்தின் ஓரமாக நிறுத்திவிட்டேன். 

அன்று சாயங்காலம் அவள் காதில் கெஞ்சினேன். "மெதுவா பிடி. அவசரம் ஒண்ணும் இல்ல. கேக்கறதா?" பக்கத்துக் கட்டில் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராத்திரி நான் படுக்கவில்லை. டிவியைப் போட்டு அதன் எதிரே தரையில் உட்கார்ந்தேன். காற்றே இல்லை. பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டது. திரையில் குளம், படகு, நிலா. எல்லாம் அசையாமல் நின்றன.

பன்னிரண்டு அடித்தது.

'டிக்.'

தவளை கத்த ஆரம்பித்தது. தண்ணீர் அசைந்தது. ஓலைத் தொப்பி ஆள் தூண்டிலைத் தூக்கி வீசினான்.

'க்ளுக்...'

ஜாய்ஸ்டிக் என் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. அதைத் தொட யாரும் இல்லை. ஆனால் அதன் ஒயர் லேசாக அசைந்துகொண்டிருந்தது. சிவப்பு பட்டன் தானாக உள்ளே போயிற்று... வெளியே வந்தது.

92.

நான் மூச்சு விடவில்லை.

அவள் தலைக்குத் தடவும் எண்ணெய் வாசனை வந்தது. முடி கொட்டிய பிறகு அவள் அந்த எண்ணெயைத் தொட்டதே இல்லை.

"ஹம்சா" என்றேன்.

தவளைச் சத்தம்தான் பதில்.

93. 94. அவசரமே இல்லை. அவளுக்கே உரிய நிதானம். 95. 96.

97.

எனக்குப் பொறுக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன். யாருடைய கையிலிருந்தோ இழுப்பதுபோல் கொஞ்சம் கனத்தது. நிறுத்தி வைக்கும் பட்டனை அழுத்தினேன்.

எல்லாம் நின்றது. தவளை நின்றது. தண்ணீர் நின்றது.

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே கால்.

இப்படியே இருக்கட்டும். நான் அழுத்தாமல் விடியாது. எத்தனை நாள் வேண்டுமானாலும் இப்படியே வைத்திருப்பேன். டேபிள் ஃபேன் போதாவிட்டால் இன்னொன்று வாங்குவேன். அவளை எங்கும் விடமாட்டேன்... என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன் அடித்தது.

சீதா. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்த ஒரு ரூபாய் போனில் பேசினாள்.

"அத்திம்பேர்... அக்கா ரொம்ப அவஸ்தைப்படறா. மூச்சு உள்ளயும் போகல, வெளியவும் வரல. பாக்கவே முடியல. போகவும் முடியாம இருக்கவும் முடியாம... யாரோ பிடிச்சு நிறுத்தி வெச்சாப்ல..."

"எப்போலேர்ந்து?"

"இப்பத்தான். இவ்வளவு நாழியும் நன்னாத்தான் மூச்சு விட்டுண்டிருந்தா. ரெண்டே காலுக்குத் திடீர்னு..."

காசு தீர்ந்து லைன் அறுந்தது.

ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். வாசல்வரை போனேன். திரும்பி வந்தேன்.

போய் என்ன செய்ய? என் கை இருந்தது இந்தப் பட்டன்மேல்தான்.

அவள் எதிரே உட்கார்ந்தேன். அவள் என்று ஒருத்தியும் அங்கே இல்லை. ஆனாலும் எதிரே என்றுதான் எனக்குத் தோன்றியது.

"விட்டுடறேன்" என்றேன்.

அழுத்தினேன்.

'டிக்.'

தவளை கத்தியது. ஜாய்ஸ்டிக்கைத் தரையில், அது இருந்த இடத்திலேயே வைத்தேன்.

98.

பயம் போய்விட்டது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தூங்கிவிடுவேன்.

99.

அப்போது கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. டேபிள் ஃபேன் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு இல்லை, எதிர்வீட்டு விளக்கு இல்லை. தெரு முழுக்க இருட்டு.

ஆனால் டிவி...

டிவி எரிந்துகொண்டிருந்தது.

'க்ளுக்...'

தூண்டில் வளைந்தது.

சிவப்பு பட்டன் உள்ளே போனது.

தவளைகள் ஓய்ந்தன.

எங்கோ ஒரு குருவி.

திரையில் கருநீலம் சாம்பல் ஆனது. சாம்பல் வெளுத்தது. குளத்தின் மறுகரை முதல் தடவையாகத் தெரிந்தது. மரங்கள். ஒரு படித்துறை. அந்த வெளிச்சம் டிவியை விட்டு வெளியே வந்து ஹால் தரையில் விழுந்தது. மூலையில் இருந்த வீணையின் உறைமேல் விழுந்தது. என் கைமேல் விழுந்தது. சில்லென்று இருந்தது.

படகில் இருந்த உருவம் தூண்டிலைக் கீழே வைத்தது. தொப்பியைக் கழற்றியது. முகம் தெரியவில்லை. தலையில் முடி இல்லை.

கண் கூசினாற்போல் ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, என் பக்கம் பார்த்தது.

அப்புறம் படகு மட்டும் இருந்தது.

டிவி அணைந்தது.

இருட்டில் போன் அடித்தது. நான் எடுத்தேன். சீதாவின் அழுகை மட்டும் கேட்டது. 

கரண்ட் வந்தது காலை ஆறு மணிக்குத்தான். எங்கள் பகுதி முழுக்க இல்லை என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். 'உங்காத்துல மட்டும் ஏதோ வெளிச்சம் தெரிஞ்சுதே, மெழுகுவத்தியா?' என்று கேட்க நினைத்ததாகவும், துக்க வீட்டில் கேட்க வேண்டாமென்று விட்டுவிட்டதாகவும் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, சீதா சமையலறை வாசலில் நின்று தயங்கினாள்.

"ஒண்ணு சொன்னா தப்பா நினைச்சுக்க மாட்டேளே? அக்கா நினைவில்லாம கெடந்தாளே, ராத்திரியானா அவ கட்டை விரல் மட்டும் ஆடிண்டே இருக்கும். எதையோ அமுக்கறாப்ல. நர்ஸ்கூட நரம்புத் துடிப்புன்னா. ஏகாதசியன்னிக்கு மட்டும் சும்மா இருந்தா."

புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேலே சொன்னாள்.

"கடைசில கண்ணத் தொறந்தா அத்திம்பேர். அந்த வார்டுல கரண்ட் போயி ஒரே இருட்டு. ஆனா அக்கா வெயில்ல நிக்கறவா மாதிரி கைய நெத்தில வெச்சுண்டா. சிரிச்சா. அவ்ளோதான்."

இதை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. ஒரு வகையில் ஆறுதலாகக்கூட இருந்தது. அவள் ஆசைப்பட்ட விடியலைப் பார்த்துவிட்டாள், கூட நானும் பார்த்தேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கதை இதோடு முடிந்திருந்தால் இன்றைக்கு இதை நான் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆடி மாதம் ஒரு நாள், தி.நகர் போனபோது அந்தப் பெட்டியையும் கேசட்டையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் அதைப் பார்க்க முடியவில்லை. அசோகன் என் முகத்தையும் நான் தனியாக வந்ததையும் பார்த்தார். எதுவும் கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ சொன்னார்.

"அக்கா ரொம்ப ஆசையா வாங்கினு போனாங்கோ சார்" என்றார்.

"ஆமாம். நூறு மீனும் பிடிச்சுட்டா. விடிஞ்சுது. அவ்வளவு அழகா விடிஞ்சுது."

அசோகன் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னா சார் சொல்றே?"

"அந்தக் குளத்துல விடிஞ்சுதே. நான் பாத்தேன்."

 பிறகு பையிலிருந்த கேசட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கண்ணும் கலங்கியிருந்தன.

"சார், தப்பா எடுத்துக்காத. அந்த கேம்ல விடியறதே கெடையாது. நானே எத்தினி வாட்டி ஆடிக்கீறேன். தொண்ணூத்தி ஒம்போதுக்கு அப்பால திரும்ப ஜீரோதான். அதே நெலா, அதே இருட்டு. வேற படமே அதுல இல்ல சார்."

"நீங்கதானே சொன்னீங்க, நூறு பிடிச்சா விடியும்னு?"

"அன்னிக்கு நீ அந்தாண்ட ஆட்டோ புடிக்கப் போயிருந்தே. அக்கா தலையில துணி கட்டினு நின்னாங்கோ. 'இதுல எப்பவுமே ராத்திரிதானா? விடியாதா?'ன்னு கேட்டாங்கோ. அந்த மூஞ்சியப் பாத்து இல்லன்னு எப்டி சார் சொல்றது?"

சந்தில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. டீ ஆறிப்போயிருந்தது. கேசட்டை அவரிடமிருந்து வாங்கி மறுபடி பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.